பீரோ வேண்டாம், பாஸ்போர்ட் போதும்!

*ஹாலில் சோபா இல்லை, கையில் பழைய போன், வாரம் முழுக்க வீட்டுச் சாப்பாடு. ஆனால் வருடத்துக்கு ஒரு பெரிய பயணம் நிச்சயம். நம் இளம் தம்பதிகளின் குடும்பக் கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது.*

புதிதாகக் கல்யாணமானவர்கள் வீட்டுக்குள் நுழைந்தால் முன்பெல்லாம் என்ன இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். கட்டில், மெத்தை, பீரோ, கிரைண்டர், குத்துவிளக்கு, நாலு தலைமுறைக்குக் காணும் எவர்சில்வர் பாத்திரம். எல்லாம் பெண் வீட்டார் வண்டி வைத்துக் கொண்டுவந்து இறக்கியவை. தலைதீபாவளி முடிந்ததும் ஃபிரிட்ஜ், அப்புறம் வாஷிங் மெஷின், குழந்தை பிறந்ததும் ஏ.சி., பத்துப் பன்னிரண்டு வருடத்தில் புறநகரில் ஒரு மனை. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் கல்யாணம் ஆன புதிதில் மூன்று நாள் போய்வருவதோடு சரி. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழாது.

இன்று சோழிங்கநல்லூரிலோ, வேளச்சேரியிலோ, கோவை சரவணம்பட்டியிலோ இருவரும் வேலைக்குப் போகிற ஓர் இளம் தம்பதியின் வாடகை வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். ஹாலில் ஒரு பாய், இரண்டு தலையணை. டிவி மாட்ட வேண்டிய சுவர் காலி. துணி எல்லாம் பிளாஸ்டிக் அலமாரியில். ஃபிரிட்ஜ் கதவில் மட்டும் இடமில்லை. பாங்காக், ஹனோய், கொழும்பு, லே என்று ஊர்ப் பெயர் போட்ட காந்த வில்லைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். ஊரிலிருந்து வந்த மாமியார் அதையும் பாயையும் மாறி மாறிப் பார்ப்பார். “உட்கார ஒரு நாற்காலி இல்ல, ஊர் ஊராப் போகக் காசு மட்டும் எங்கிருந்து வருது?”

நாற்காலி வாங்காததால்தான் வருகிறது என்பதே அதற்கு நேரான பதில். மருமகள் அப்படிச் சொல்ல மாட்டாள். சிரித்துவிட்டு, “காபி போடட்டுமா அத்தை?” என்பாள்.

மாமியார் காலத்துக் குடும்பக் கணக்கில் அன்றாடச் செலவு முதலில் வரும், சேமிப்பு அடுத்தது, மிஞ்சினால் ஊர் சுற்றல். அநேகமாக மிஞ்சாது. இந்தப் பிள்ளைகள் அந்தக் கணக்கைத் தலைகீழாக எழுதுகிறார்கள். சம்பளம் வந்த அன்றே பயணத்துக்கென ஒரு தொகையை வேறு கணக்கில் போட்டுவிட்டு, மீதியில் மாதத்தை ஓட்டுகிறார்கள். மாசக் கடைசியில் இடித்தால் சுருங்குவது துணிமணியும் ஹோட்டலும்தான். டிக்கெட்டில் யாரும் கை வைப்பதில்லை.

இது ஊதாரித்தனமா? எந்தச் செலவை வெட்டி அந்தக் காசு வந்தது என்று தெரியாமல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒரே பாங்காக் பயணம் ஒரு வீட்டில் சிக்கனத்தின் பலன், அடுத்த வீட்டில் கடனின் ஆரம்பம். இன்ஸ்டாகிராம் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கையில் நிற்கும் காசு

தனிநபர்கள் வெளிநாட்டில் செலவழிக்கவும் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பவும் ரிசர்வ் வங்கி ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். அந்தத் திட்டத்தின்கீழ் பயணத்துக்காக மட்டும் 2018-19-ல் வெளியே போனது சுமார் 480 கோடி டாலர். 2023-24-ல் அது சுமார் 1,700 கோடி டாலர். அந்த ஆண்டு இந்த வழியில் நாட்டைவிட்டுப் போன மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் பயணத்துக்கானது. பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைக்க இந்தியர்கள் அனுப்பியதைப் போல இது பல மடங்கு.

இன்னொரு எண்ணும் உண்டு. 2022-23-ல் இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 5 சதவீதத்துக்கு இறங்கியது. பல பத்தாண்டுகளில் இவ்வளவு தாழ்ந்ததில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “பார்த்தீங்களா, ஊர் சுற்றியே அழிச்சிட்டாங்க” என்று சொல்லிவிட வாய் துடிக்கும். அவசரப்பட வேண்டாம். வீட்டுக் கடன், கார் கடன் வாங்கினாலும் நிகரச் சேமிப்பு குறையத்தான் செய்யும். பழியை எல்லாம் பாங்காக் தலையில் கட்ட முடியாது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று வருமான வரி. நம் அப்பாக்கள் சேமித்ததில் ஒரு பங்கு வரிக்குப் பயந்து சேமித்தது. பிப்ரவரி, மார்ச் வந்தால் எல்.ஐ.சி. ஏஜெண்ட் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவார். பாலிசி, பி.பி.எஃப். என்று ஒன்றரை லட்சம் ரூபாய் வரை போட்டால் அந்தத் தொகைக்கு வரிக்கழிவு உண்டு. பிடிக்கிறதோ இல்லையோ, காசு பூட்டப்பட்டுவிடும். புதிய வரி முறையில் அந்தக் கழிவு கிடையாது. 2023-24 முதல் அதுவே எல்லோருக்கும் இயல்பான முறை. பழையது வேண்டும் என்பவர்தான் கேட்டு வாங்க வேண்டும். 2025-26-ல் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லை என்றும் ஆகிவிட்டது. சேமி, சேமி என்று அதட்டிக்கொண்டிருந்த சட்டம் ஒதுங்கி நின்றுகொண்டது. மாசாமாசம் கையில் காசு நிற்கிறது. அதே நேரத்தில் விமான நிறுவனத்தின் நள்ளிரவுத் தள்ளுபடி போனில் வந்து கண் சிமிட்டுகிறது.

கதவுகளும் திறந்தன. 2023 நவம்பரில் தாய்லாந்தும், அடுத்த மாதம் மலேசியாவும் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு விசா தேவையில்லை என்றன. திருச்சியில் ஏறிக் கோலாலம்பூரில் இறங்கலாம். சென்னைக்கு வந்து காத்துக் கிடக்கும் தொல்லைகூட இல்லை. முன்பு துணைத் தூதரக வாசலில் வரிசையில் நின்றவர்கள் இன்று சாப்பாட்டு இடைவேளையில் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள்.

காரணம் கேட்கும் ஊர்

பயணமே போகாத ஆட்கள் அல்ல நாம். பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நடந்தே போகிறோம். நாகூர் கந்தூரிக்குப் போகிறோம். குலதெய்வத்துக்கு வேன் பிடித்து இருபது பேர் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வருகிறோம். வயிற்றுப்பாட்டுக்காக பர்மா, மலேயா, சிலோன் என்று கடல் தாண்டினோம். பிறகு துபாய், சிங்கப்பூர். எதற்கும் ஒரு காரணம் உண்டு. நேர்த்திக்கடன், கல்யாணம், கருமாதி, பிழைப்பு. உலகமெல்லாம் சுற்றியவர் என்று நாம் கொண்டாடும் ஏ.கே. செட்டியார்கூட, காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்குப் படச்சுருள் தேடித்தான் நாடு நாடாக அலைந்தார்.

காரணமில்லாமல், பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் போவதை எம்.ஜி.ஆரிடம் விட்டு வைத்திருந்தோம். 1973-ல் வந்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ படத்தில்தான் நம்மில் பலர் முதன்முதலாக ஜப்பானின் எக்ஸ்போ 70 கண்காட்சியைப் பார்த்தார்கள். அதுவும் தரை டிக்கெட்டில்.

அதனால்தான் “எதுக்குப் போறீங்க?” என்ற கேள்வி இத்தனை அழுத்தமாக வருகிறது. “சும்மாதான்” என்றால் கேட்டவர் முகம் மாறும். அந்தக் கேள்விக்குள் இன்னொன்று ஒளிந்திருப்பது பெண்களுக்கு உடனே தெரிந்துவிடும்: “குழந்தை எப்போ?” கல்யாணமாகி மூன்று வருடம், கையில் பிள்ளை இல்லை, காலில் சக்கரம். உறவுக்காரர்களுக்குப் பேச வேறென்ன வேண்டும்? பயணத்தின் மேல் வரும் கோபத்தில் பாதி பயணத்தைப் பற்றியதே அல்ல.

நாளொன்றுக்கு 300 ரூபாய்

‘நல்ல சம்பளம் வாங்குறவங்க போறாங்க, இதில் என்ன இருக்கு’ என்பவர்களைக் கொச்சிக்கு அழைத்துப் போக வேண்டும். காந்தி நகரில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்று ஒரு சின்ன டீக்கடை. கே.ஆர். விஜயனும் அவர் மனைவி மோகனாவும் நடத்தியது. கடை வருமானத்தில் நாளொன்றுக்கு 300 ரூபாய் எடுத்து வைத்தார்கள். அது போதாத இடத்தில் கடன் வாங்கினார்கள். ஒரு பயணம் போய் வந்தார்கள். அடுத்த இரண்டு மூன்று வருடம் டீ ஆற்றி அந்தக் கடனை அடைத்தார்கள். அடைத்து முடித்ததும் அடுத்த கடன், அடுத்த பயணம். 2007-ல் தொடங்கி 25-க்கும் மேற்பட்ட நாடுகள்.

ஹரி எம். மோகனன் அவர்களைப் பற்றி ‘இன்விசிபிள் விங்ஸ்’ என்ற ஆவணப்படம் எடுத்தார். 2019-ல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அவர்களைப் பாராட்டி எழுதியபின் நாடு முழுக்கத் தெரிந்த முகங்கள் ஆனார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பயணம் அந்த ஆதரவில் நடந்தது. கொரோனா முடக்கத்துக்குப் பிறகு 2021 அக்டோபரில் ரஷ்யா போனார்கள். திரும்பி வந்த அடுத்த மாதம், நவம்பர் 19 அன்று விஜயன் காலமானார்.

இந்தக் கதையைக் கனவு, விடாமுயற்சி என்று சொல்லி எல்லோரும் கண் கலங்குகிறார்கள். கலங்கட்டும். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது கல்லாப்பெட்டிதான். உதவிக்கு ஆள் வைக்கவில்லை. டீ போடுவது, பலகாரம் எடுத்துக் கொடுப்பது, டம்ளர் கழுவுவது எல்லாம் இரண்டு பேரும். ஆள்கூலி மிச்சமானது, அந்த மிச்சம்தான் டிக்கெட். அவர்கள் ஒன்றும் சின்ன வயதுக்காரர்கள் இல்லையே என்று கேட்கலாம். இல்லைதான். இளம் தம்பதிகள் பார்க்க வேண்டியது வயதை அல்ல, வேலையை எப்படிப் பங்கிட்டார்கள் என்பதை. இரண்டு பேரும் கடையில் நின்றார்கள், இரண்டு பேரும் விமானத்தில் உட்கார்ந்தார்கள்.

பாத்திரம் யார் கழுவுவது?

நம் ஊர்த் தம்பதிகள் எங்கே கை வைக்கிறார்கள் என்று பார்ப்போம். முதலில் ஆப்பில் வரும் சாப்பாடு. ஒரு தடவைக்கு 450 ரூபாய், வாரத்துக்கு மூன்று தடவை என்று வையுங்கள். வருடத்துக்கு 70,200 ரூபாய். சலுகை விலையில் இரண்டு பேருக்கும் பாங்காக் டிக்கெட் அதற்குள் முடியும். ‘இவ்வளவையுமா தின்றோம்?’ என்று அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிற எல்லோரும் ஒரு முறை அதிர்ச்சி அடைவார்கள்.

அடுத்தது போக்குவரத்து. கார் வாங்குவதில்லை, அடுக்ககத்தின் அடித்தளத்தில் தூசி படிந்து நிற்கும் வண்டிக்கு மாதத் தவணை கட்டுவானேன் என்பது அவர்கள் கட்சி. டாக்சியை விட்டுவிட்டு மெட்ரோ, பஸ். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண், அலுவலகத்துக்கு டாக்சியில் போய்வந்தவள், பிங்க் பஸ்ஸுக்கு மாறிவிட்டாள். மிச்சமாகும் காசைத் தன் பெயரில் தனிக் கணக்கில் போடுகிறாள். “இது கவர்மென்ட் எனக்குக் குடுக்குற பயணப்படி” என்பாள். தமிழக அரசு இந்தத் திட்டத்தை இதற்காகக் கொண்டுவரவில்லை, அதனால் என்ன?

மூன்றாவதில்தான் எனக்குச் சண்டை. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை நிறுத்திவிடுகிறார்கள். மாதம் 3,000, 3,500 மிச்சம் என்று கணவன் உற்சாகமாகச் சொல்வான். வெளிச் சாப்பாடும் நின்றது, வேலைக்கு வந்தவரும் நின்றார். இப்போது சமைப்பது யார்? பாத்திரம் கழுவுவது யார்?

மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். வீட்டு வேலை செய்வதாகச் சொன்ன ஆண்கள் 88 நிமிடம். வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆண்கள் இந்த 88-ல் சேர்த்தியே இல்லை. இப்படிப்பட்ட நாட்டில் அன்றாடச் செலவைக் குறைக்கிறோம் என்றால், குறைகிற ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவரின் இடுப்பு வலியாக மாறுகிறது. கணவன் விட்டுக்கொடுத்தது வாரத்துக்கு மூன்று பிரியாணி. மனைவி விட்டுக்கொடுத்தது தினம் ஒரு மணி நேரத் தூக்கம். இரண்டையும் ஒரே தராசில் வைத்து, “ரெண்டு பேரும் சேர்ந்து சேர்த்தோம்” என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பயணத்திலும் இது தொடரும். தங்குமிடத்தில் சமையலறை இருக்கிறது என்று சந்தோஷப்படும் கணவர்களை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். நாலாயிரம் கிலோமீட்டர் பறந்து போய் அவள் அங்கேயும் ரவா உப்புமா கிண்டுவதாக இருந்தால், அது யாருடைய விடுமுறை? நின்றுபோன அந்த வேலைக்கார அம்மாவின் வீட்டுக் கணக்கு வேறு இருக்கிறது. அவர் மகளின் டியூஷன் பணத்தில் நாம் ஏறிய விமானம் அது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை.

அன்றாடச் செலவில் வெட்டலாம். உங்கள் சுகத்தை வெட்டுங்கள்; அடுத்தவர் கூலியையோ மனைவியின் தூக்கத்தையோ வெட்டாதீர்கள். வேலைக்கு வருபவரை நிறுத்தத்தான் வேண்டும் என்றால், அவர் செய்த வேலையில் பாதியைக் கணவன் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

தங்கம் பேசும் வாதம்

மாமியார் பக்கத்தில் ஒரு பலமான வாதம் உண்டு. அதை மூடி மறைப்பது நியாயமில்லை. 2023 கடைசியில் சென்னையில் ஒரு சவரன் ஆபரணத் தங்கம் 47,000 ரூபாய் அளவில் இருந்தது. 2025 டிசம்பரில் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2023-ல் பாலித் தீவில் ஒன்றரை லட்சம் செலவழித்தவர்கள் அந்தக் காசுக்கு மூன்று சவரன் வாங்கிப் பீரோவில் வைத்திருந்தால், இரண்டே வருடத்தில் கையில் மூன்று லட்சம். “நான் அப்பவே சொன்னேன்” என்று அத்தை சொல்வார். சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு.

தங்கம் எப்போதும் இப்படி ஓடியதில்லை என்பதும் உண்மை. 2012 கடைசியில் இருந்த விலைக்கு, ஐந்து வருடம் கழித்தும் சவரன் உயராமலே கிடந்தது. அந்தக் காலத்தில் நகைச்சீட்டு கட்டியவர்கள் இன்று சொல்கிற மாதிரி பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனாலும் என் கவலை விலையைப் பற்றியது அல்ல. நம் வீட்டுப் பெண்கள் நகை சேர்த்தது கழுத்துக்காக மட்டும் இல்லை. அப்பாவுக்கு ராத்திரி பத்து மணிக்கு நெஞ்சு வலி வந்தால், விடிந்ததும் காசு புரட்ட அதுதான் வழி. கணவனுக்கு வேலை போனால் பள்ளிக் கட்டணம் கட்டியது அந்த வளையல். பயணப் படத்தைக் கொண்டுபோய் எந்த அடகுக் கடையில் வைப்பது?

நகை இல்லாத வீட்டில் நகை செய்த வேலையைச் செய்ய வேறொன்று இருந்தாக வேண்டும். ஆறு மாதக் குடும்பச் செலவு, தொட்டால் கிடைக்கும் இடத்தில். இருவருக்கும், முடிந்தால் இரண்டு பக்கத்துப் பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு. அலுவலகம் தரும் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதைத் தகவல் தொழில்நுட்பத் துறையில் ஆட்குறைப்பைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, இனி சாக்கும் இல்லை. இந்த இரண்டும் இல்லாமல் ஹனோய் டிக்கெட் போடுகிறவர்களை ஊதாரி என்று சொல்ல எனக்குத் தயக்கம் கிடையாது.

“வீடுதான் எப்படியும் வாங்க முடியாது, அதான் ஊராவது பார்க்கிறோம்” என்றும் ஒரு பேச்சு அடிபடுகிறது. 60 லட்சம் ரூபாய் வீட்டுக் கடனுக்கு, 8.5 சதவீத வட்டியில், 20 வருடத் தவணை மாதம் 52,000 ரூபாய்க்கு மேல் வரும். ஒன்றரை லட்ச ரூபாய்ப் பயணத்தை நிறுத்தினால் மூன்று மாதத் தவணைகூடத் தேறாது. பயணத்தால் வீடு கைநழுவவில்லை என்பது சரி. வீடு இல்லாததற்குப் பயணம் ஆறுதல் என்பது வெறும் பேச்சு. போக ஆசை, போகிறோம் என்று சொன்னால் போதாதா?

பொருளா, அனுபவமா?

பொருள் வாங்குவதைவிட அனுபவத்துக்குச் செலவழிப்பது கூடுதல் மகிழ்ச்சி தரும் என்று பயண நிறுவனங்கள் சொல்லாத நாளில்லை. அதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் லீஃப் வான் போவனும் தாமஸ் கிலோவிச்சும் 2003-ல் வெளியிட்டது. விளம்பரங்கள் சொல்லாத தொடர்ச்சியும் உண்டு. 2018-ல் வந்த இன்னோர் ஆய்வு, இது வசதியானவர்களுக்கே அதிகம் பொருந்துகிறது, வசதி குறைந்தவர்களுக்குப் பொருள் வாங்குவதும் அதே அளவுக்கு, சில வேளை கூடுதலாகவே மகிழ்ச்சி தருகிறது என்றது. கையால் துணி துவைக்கிற வீட்டில் வாஷிங் மெஷினைவிடப் பெரிய அனுபவம் என்ன இருக்கிறது?

நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரசியமானது. விடுமுறைக்குப் போகிறவர்கள் போவதற்கு முன்பு மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். போய் வந்த பிறகு பெரும்பாலானவர்களிடம் வித்தியாசம் ஒன்றுமில்லை. மிக ஓய்வாகக் கழித்தவர்களிடம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆக, எதிர்பார்த்துக் காத்திருக்கும் நாட்களில்தான் பாதி லாபம். இதை மனதில் வைத்துக்கொண்டு கடன் கணக்குக்கு வாருங்கள்.

வந்த பிறகு வரும் பில்

இரண்டு லட்சம் ரூபாய்ப் பயணம். ஒரு தம்பதி மாதம் 8,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் ஆர்.டி. கட்டுகிறார்கள், ஆறரை சதவீத வட்டி கிடைத்தாலே இரண்டு லட்சம் தாண்டிவிடும். பிறகு போகிறார்கள். இன்னொரு தம்பதி 14 சதவீத வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்கி இன்றே போகிறார்கள். வந்த பிறகு இரண்டு வருடம் மாதம் 9,600 ரூபாய் கட்டுகிறார்கள். முதல் தம்பதிக்கு இரண்டு வருடக் காத்திருப்பே சந்தோஷம். எந்த ஊரில் எந்தத் தெருவில் எதைச் சாப்பிடுவது என்று திட்டம் போட்டுக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது தம்பதி மறந்துபோன கடற்கரைக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டுக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறவர்கள் கதி இதைவிட மோசம். மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி. வருடக் கணக்கில் 40 சதவீதத்தை ஒட்டி வரும். கந்துவட்டிக்காரரைத் திட்டுகிற நாம் இதைச் சிரித்த முகத்தோடு பையில் வைத்திருக்கிறோம்.

பிணையில்லாத நுகர்வுக் கடன்கள் வேகமாகப் பெருகியதைப் பார்த்து ரிசர்வ் வங்கியே 2023 நவம்பரில் அவற்றுக்கான விதிகளை வங்கிகளுக்குக் கடுமையாக்கியது. கொச்சி விஜயனும் கடன் வாங்கித்தானே போனார் என்று கேட்பீர்கள். அவர் தினம் கல்லாவில் விழுந்த 300 ரூபாயை நம்பி வாங்கினார். நீங்கள் இன்னும் வராத இன்க்ரிமென்டை நம்பி வாங்குகிறீர்கள்.

ஹனோய்தான் வேண்டுமா?

பயணம் என்றால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழ வேண்டும் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் உதறலாம். தலைப்பில் பாஸ்போர்ட் என்று போட்டுவிட்டு இப்படிச் சொல்வது முரண்தான்; போகட்டும். முத்திரை விழுந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்குப் பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கியது, நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடல் கொந்தளித்தால் ஓடாது, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். காலையில் ஏறினால் மதியச் சாப்பாடு யாழ்ப்பாணத்தில். நம் பாட்டன்மார் கடந்த அதே நீர். முத்திரையே வேண்டாம், உள்ளூர் போதும் என்றால், ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் வந்த ஏற்பாடு. மே மாதத்தில் அங்கே போய் மலைப்பாதை நெரிசலில் நிற்பதைவிட ஜூலையில் குற்றாலச் சாரலில் நனையலாம். ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. முன்போல நாலு மாதத்துக்கு முன்பே போட்டுவைக்க முடியாது. காலை எட்டு மணிக்குப் போனும் கையுமாக உட்கார வேண்டும்.

பழைய வரி முறையிலேயே இருந்து, அலுவலகத்தில் விடுப்புப் பயணச் சலுகையும் இருப்பவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை, உள்நாட்டுப் பயணத்தின் டிக்கெட் செலவுக்கு மட்டும் வரிவிலக்கு. ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. வெளிநாட்டுக்குச் சுத்தமாகக் கிடையாது. புதிய முறைக்கு மாறியவர்களுக்கு இதுவும் இல்லை.

கடைசியாகப் பெற்றோருக்கும் மாமனார் மாமியாருக்கும் ஒரு வார்த்தை. மகனோ மகளோ போன் போட்டு, “டிக்கெட் போட்டுட்டோம்மா” என்று சொன்னால் எவ்வளவு செலவு என்று கேட்காதீர்கள். சேர்த்துவைத்துப் போகிறீர்களா, கடன் வாங்கிப் போகிறீர்களா என்று கேளுங்கள். வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் நாற்காலியைப் பற்றிப் பேசாமல் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் கட்டிக் கொடுத்து அனுப்புங்கள்.